ஆறுதலாகப் பிரிந்த ஷ்லெஸ்விக்: மகளோடு டவுன்டவுனில் ஒரு வெள்ளிக்கிழமை

இந்தப் பயணம் போக வர இருபது கிலோமீற்றர்தான். செயின்ட்-மிஷேலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் டவுன்டவுன் போய், ஒரு மண்டபத்தில் ஆறு மணித்தியாலம் இருந்துவிட்டு, அதே மெட்ரோவில் திரும்பி வந்தேன். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். பதின்மூன்று மாதப் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மார்ச் மாதத்து மொன்றியலில், இரண்டு இடத்தில் மெட்ரோ மாறியவர்கள் கேட்க மாட்டார்கள்.

போன காரணத்தைச் சொல்கிறேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வரலாறு. இங்கே வந்தபின் செய்தது பல் வைத்தியசாலை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதில் எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் மகள் பிறந்து வீட்டோடு இருந்த மாதங்களில், எங்கள் பக்கத்து நூலகத்தில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. நடந்த ஒரு மாநாட்டை எடுத்து, எட்டுப் பேர் எட்டு நாடுகளாக உட்கார்ந்து, அது வேறு விதமாய் முடிந்திருக்குமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசிப் பார்ப்பார்களாம். இந்தத் தடவை 1864, லண்டன் மாநாடு, டென்மார்க்கும் ஜெர்மன் அரசுகளும். அனுமதி இலவசம். பிள்ளைகளோடு வரலாம்.

உயர்தரப் பரீட்சைக்கு ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கும். ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் எழுதவே ஒரு கிழமை எடுத்தது எனக்கு. அந்தச் சிக்கலுக்குள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்றவுடன், யோசிக்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. நீங்கள்தான் டென்மார்க்.

இனி, அந்த வெள்ளிக்கிழமையை எனக்குப் பாரமாக்கிய விடயம். புதன்கிழமை எங்கள் வீட்டிலிருந்து எழுநூறு மீற்றரில் இருக்கும் ஒரு கார்டெரியின் பொறுப்பாளர் எனக்குப் போன் எடுத்தார். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இங்கே எல்லாரும் சொல்லும் பெயர் கார்டெரி. அதில் ஓர் இடம் கிடைப்பதற்கு இந்த நகரத்தில் வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதியவேண்டும். நாங்களும் பதிந்திருந்தோம். முழு இடம் இல்லை, ஆனால் வாரத்தில் மூன்று நாள் தரலாம், திங்கள் செவ்வாய் புதன், மற்ற இரண்டு நாளும் இன்னொரு பிள்ளைக்கு என்றார் அவர். நான், ஐந்து நாளும் வேண்டும், இல்லாவிட்டால் சரிவராது என்றேன். ஐந்து நாள் இல்லவே இல்லை, வெள்ளி நாலு மணிக்குள் முடிவு சொல்லுங்கள், மற்றக் குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்கள் முதலில் கையெழுத்து வைத்தால் நாட்கள் மாறக்கூடும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுத்தால் இடம் போய்விடும், அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. எனக்காக இந்த மாத முடிவு வரை காத்திருக்கும் வேலையும் போய்விடும். ஒத்துக்கொண்டால், என்னை விட்டு ஒரு மணித்தியாலம் கூட இருந்திராத பிள்ளையை, எனக்குத் தெரியாத ஆட்களின் கையில், அவளுக்குத் தெரியாத மொழியில் கொடுத்துவிட்டு வரவேண்டும். புதன் இரவும் வியாழன் இரவும் அவள் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளி காலை 8.50க்கு வெளிக்கிட்டோம். வெளியே மைனஸ் ஆறு. தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மகள் ஆரபியை நெஞ்சுப்பையில் கட்டிக்கொண்டேன். இது முதல் அறிவுரை. எந்த நிலையத்தில் லிப்ட் இருக்கிறது, இருப்பதில் எது அன்று வேலை செய்கிறது என்பது போய் நின்று பார்த்தால்தான் தெரியும். உருகியும் உருகாமலும் கிடக்கும் பனியில், உப்புத் தண்ணீரில், தள்ளுவண்டியின் சில்லு படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே அழுகை வரும். முதுகுப் பையில் மூன்று அணையாடை, பருப்பும் கரட்டும் மசித்த போத்தல் ஒன்று, மாற்றுடுப்பு இரண்டு சோடி, காய்ச்சல் மருந்து, வெப்பமானி. வெப்பமானி எதற்கு என்று என் கணவர் சுதன் கேட்டார். பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

வீட்டிலிருந்து செயின்ட்-மிஷேல் நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. நீலப் பாதை அங்கேதான் தொடங்குகிறது, அதனால் இருக்கை நிச்சயம். மூன்றாவது நிலையம் ஜோன்-தலோன். அங்கே இறங்கி செம்மஞ்சள் பாதை. காலை ஒன்பதேகாலுக்கும் ஆட்கள் தோளோடு தோள் நின்றார்கள். ஒரு பெண் எழுந்து இடம் தந்தார், நான் நன்றிக்கு ‘மெர்சி’ என்றதற்கு ஆரபி பல்லைக் காட்டினாள். பெரி நிலையத்தில் இன்னொரு மாற்றம், பச்சைப் பாதை, அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம். படியேறி வெளியே வரும்போது 9.41. மொத்தம் ஐம்பத்தொரு நிமிடம். எனக்கு மாத அட்டை உண்டு, பிள்ளைக்குக் கட்டணமில்லை. அட்டை இல்லாதவர்கள் இரண்டு பயணச் சீட்டைச் சேர்த்து வாங்கினால் சற்று மலிவு. விலை அடிக்கடி மாறுகிறது, போகும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து மண்டபம் ஆறு நிமிட நடை. ஒரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடி. நடுவில் நீள மேசை, அதில் ஒரு பெரிய வரைபடம், எட்டு நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சின்னக் கொடி. நடத்துபவர் ஜினெட், ஓய்வுபெற்ற ஆசிரியை. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற ஆள். ஒரு மூலையில் விரிப்பு போட்டு விளையாட்டுச் சாமான்கள் பரப்பி, பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணும் இருந்தார். “விட்டுவிட்டு வாருங்கள்” என்றார் ஜினெட் பிரெஞ்சில். இல்லை, மடியிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, கண்ணாடிக்கு மேலால் மட்டும் பார்த்தார்.

ஆரபிக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. அழத் தொடங்கினாள். “அழாதேங்கோ குஞ்சு, இந்தா, இந்தா பாருங்கோ” என்று டென்மார்க்கின் கொடியை அவள் கையில் கொடுத்தேன். எதிர் நாற்காலியில் இருந்த இளைஞன் நிமிர்ந்தான்.

“அக்கா, நீங்க தமிழா? ஸ்ரீலங்காவா?”

“ஓம்.”

“நான் ஈரோடு. கார்த்திக். இங்க மாஸ்டர்ஸ் பண்றேன். இன்னிக்கு நான்தான் பிரஷ்யா, தப்பா எடுத்துக்காதீங்க.”

“நான் டென்மார்க்.”

“ஐயையோ! அப்ப உங்கள அடிக்கணுமே.”

“பிள்ளை நித்திரை கொள்ளுற நேரம். சத்தம் போடாமல் அடியுங்கோ.”

பத்தரைக்கு ஜினெட் தொடங்கினார். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்று இரண்டு சிற்றரசுகள், இரண்டும் டென்மார்க் மன்னரின் ஆளுகையில். தெற்கில் இருக்கும் ஹோல்ஸ்டைன் ஜெர்மன் பேசுவது, ஜெர்மன் அரசுகளின் கூட்டமைப்பிலும் இருப்பது. வடக்கில் இருக்கும் ஷ்லெஸ்விக் கலப்பு. அதன் வட பகுதியில் டேனிஷ், தென் பகுதியில் ஜெர்மன், நடுவில் எந்த வீட்டில் எது என்று சொல்லமுடியாது. டென்மார்க் ஷ்லெஸ்விக்கைத் தன்னோடு இறுக்கிக் கட்டப் பார்த்தது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையோடு வந்தன. சண்டையின் நடுவே ஒரு போர்நிறுத்தம், அந்த இடைவெளியில் லண்டனில் மாநாடு. ஷ்லெஸ்விக்கை ஒரு கோடு போட்டுப் பிரிக்கலாம் என்ற பேச்சு வந்தது. கோடு எங்கே என்பதில் இரு பக்கமும் ஒத்துவரவில்லை. போர்நிறுத்தம் முடிந்தது, சண்டை மறுபடி தொடங்கியது, டென்மார்க் இரண்டையும் இழந்தது. இரண்டு வருடத்தில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்தப் பங்குக்காகவும் தங்களுக்குள் அடிபட்டன. ஜெர்மனி ஒன்றானது அந்த வழியால்தான்.

எங்கள் மேசையில் போர்நிறுத்தம் பிற்பகல் மூன்றரைக்கு முடியும். அதற்குள் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தால் வரலாறு மாறும். இதுதான் விதி.

ஜினெட் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்தது. ஷ்லெஸ்விக்கின் நடுப்பகுதியில் வீட்டில் டேனிஷ் பேசியவர்கள் பலர் கோயிலிலும் பள்ளியிலும் ஜெர்மன் கேட்டு வளர்ந்தவர்களாம். அவர்களுக்கு மற்ற மொழி விளங்கும், மற்றவர்களுக்கு இவர்களுடையது அவ்வளவாய் விளங்காது. மொன்றியலில் வாழும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கார்த்திக் கதைப்பது எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது, நாங்கள் அவர்களுடைய படம் பார்த்து வளர்ந்தவர்கள். நான் கதைப்பது தனக்கும் அப்படியே விளங்குவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காலை முழுக்க நான் ஒரே பிடியில் நின்றேன். எய்டர் ஆறு வரை, அதாவது ஷ்லெஸ்விக் முழுவதும் டென்மார்க்குக்கு. ஒரு நகரம்கூட விடமாட்டேன். பதினொன்றரை அளவில் ஆரபி என் நெஞ்சில் தூங்கிவிட்டாள், அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் குசுகுசுப்பாகத்தான். பிரிட்டனும் ரஷ்யாவும் மேசைக்கு மேல் குனிந்து, காதைக் கையால் கூட்டிக் கேட்டார்கள். டென்மார்க் இவ்வளவு மரியாதையாகக் கேட்கப்பட்டது சரித்திரத்திலேயே அன்றுதான் என்று நினைக்கிறேன். ஜினெட் மட்டும் சிரித்தார். “உண்மையான டேனியர்களே இந்த நேரத்துக்குள் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டார்கள், மதாம். நீங்கள் அவர்களை விடப் பிடிவாதம்.”

பன்னிரண்டு மணிக்கு இடைவேளை. 12.20க்கு சுதன் போன் எடுத்தார். அவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியசாலையில் வேலை, அந்த அரை மணித்தியாலம்தான் அவருக்கும் இடைவேளை.

“என்ன, கார்டெரிக்குச் சொல்லிப்போட்டீரோ?”

“இல்லை. பேந்து சொல்லுவம்.”

“பேந்து பேந்தெண்டு நாலு மணியாகப் போகுது. அந்த மனுசி எனக்கும் எடுத்தவ. ஐஞ்சு நாளும் வேணுமெண்டு கேட்டனீராமே?”

“ஓம்.”

“உமக்கு ஒரு நாள் விடவே மனமில்லை. பிறகேன் ஐஞ்சு நாள் கேட்டனீர்?”

“தெரியேல்லை.”

“தெரியேல்லையோ?”

“பிள்ளை எழும்பப் போறாள், வையுங்கோ” என்று வைத்துவிட்டேன். பிள்ளை எழும்பவில்லை. நல்ல நித்திரை.

நடைபாதையில் ஜன்னலோரம் உட்கார ஒரு நீள வாங்கு இருந்தது. வரும்போது எங்கள் தெருக் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் நாலு கையில் இருந்தது. கார்த்திக் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு வந்து பக்கத்தில் இருந்தான். இரண்டை நீட்டினேன்.

“சாப்பிடுங்கோ தம்பி.”

“பிரஷ்யாவுக்கு லஞ்சமா? தாங்க்ஸ்கா. செம டேஸ்ட். சரி, நடுவுல இருக்கற பிளென்ஸ்பர்க் டவுன மட்டும் விட்டுக்குடுங்க. அத விட்டீங்கன்னா கோடு போட்டுடலாம்.”

“எய்டர் வரைக்கும் எங்கட.”

“எல்லாமே வேணும்னு கேட்டா, எதுவும் வேணாம்னு தானேக்கா அர்த்தம்?” ரோல்ஸை மென்றுகொண்டே சிரித்தான். “எங்க அக்காவுக்கு மாப்ள பாக்கறப்ப இப்படித்தான். கல்யாணம் வேணாம்னு நேரா சொல்ல மாட்டா. ‘கலெக்டர்னா ஓகே’ம்பா. கலெக்டருக்கு நாங்க எங்க போறது?”

சுதனுக்கு ‘தெரியேல்லை’ என்று நான் சொன்ன கேள்விக்கு விடை அங்கே ரோல்ஸ் தூளோடு விழுந்து கிடந்தது. ஐந்து நாள் இல்லை என்று தெரிந்துதான் ஐந்து நாள் கேட்டிருக்கிறேன். அவர்களே இல்லை என்று சொல்லிவிட்டால், வேண்டாம் என்று சொன்னவள் நான் இல்லையல்லவா? முகம் சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆரபி நிஜமாகவே எழும்பி, பசியில் கத்தத் தொடங்கினாள்.

“தம்பி, இப்ப ஏலாது. பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கவேணும். ஆறுதலாக் கதைப்பம்” என்றேன்.

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. என் முகம் சிவந்திருந்ததையும் கவனித்திருப்பான். “சரிக்கா. கண்டிப்பா. நான் பாத்துக்கறேன்” என்று எழுந்து போனான். இவ்வளவு பண்பான பிள்ளையா என்று நினைத்துக்கொண்டு போத்தலைத் திறந்தேன்.

இரண்டு மணிக்கு மறுபடி மேசை. ஆஸ்திரியாவும் பிரான்சும் ஒரு மணித்தியாலம் எதையோ இழுத்தன, அதை விடுகிறேன். ஆரபி சாப்பிட்டு, விளையாடி, டென்மார்க் கொடியை ஒரு பக்கம் மென்று முடித்து, மறுபடி என் நெஞ்சில் தூங்கிவிட்டாள். மூன்று மணிக்கு கார்த்திக் எழுந்தான். ஆங்கிலத்தில், நல்ல திருத்தமாய்ப் பேசினான். இடைவேளையில் டென்மார்க் தனிப்பட்ட முறையில் தன்னிடம் ஓர் ஆறுதல் கேட்டதாகவும், தோற்கின்ற நாட்டின் மனம் பிரஷ்யாவுக்குப் புரிகிறது என்றும், எனவே ஆறுதலாக பிளென்ஸ்பர்க் நகரத்தை டென்மார்க்குக்கு விட்டு, அதற்குத் தெற்கே கோட்டைப் போட பிரஷ்யா சம்மதிக்கிறது என்றும் அறிவித்தான்.

மேசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் கத்தமுடியாது, பிள்ளை தூக்கம்.

“நான் எப்ப கேட்டனான்?” என்றேன் தமிழில், மூச்சுக்காற்றில்.

“கேட்டீங்களேக்கா. ஆறுதலா பேசலாம்னு சொன்னீங்க.”

“ஆறுதலா எண்டால் மெதுவா! அவசரப்படாமல். பிறகு.”

“எது? ஆறுதல்னா ஆறுதல்தானே? யாராவது செத்தா சொல்லுவோமே, அது.”

“நாங்கள் செத்த வீட்டிலயும் ஆறுதல் சொல்லுவம். தேத்தண்ணியும் ஆறுதலாக் குடிப்பம்.”

“ஐயோ. நான் நீங்க அழப் போறீங்கன்னு நெனச்சிட்டேன்க்கா!”

ஜினெட் என்ன என்று கேட்டார். நான் பிரெஞ்சில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாக, குசுகுசுத்தபடியே விளக்கினேன். எட்டு நாடும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, தூங்கும் பிள்ளைக்காக. இரண்டில் எது சரியான அர்த்தம் என்று பிரிட்டன் கேட்டது. “என்னோடது” என்றான் கார்த்திக். “எங்கட” என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில்.

“அக்கா, வேணும்னா வாபஸ் வாங்கிக்கறேன். உங்களுக்கு ஒரு மாதிரியா இருந்தா” என்றான் அவன்.

வாங்கிக்கொள் என்றுதான் வாயில் வந்தது. இரக்கப்பட்டுத் தந்த நகரம் எனக்கெதற்கு? கேட்டது எய்டர் ஆறு, கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. அதுவும் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு தந்தது. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன் ஜினெட்டிடம்.

“போர்நிறுத்தத்துக்கு இருபது நிமிடம், மதாம். பிரஷ்யா ஏன் தந்தது என்பது பிரஷ்யாவின் பாடு. மேசையில் இருக்கிறது. வீ, அல்லது நோன்.” பிரெஞ்சில் ஆம், இல்லை.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜத்தில் பிளென்ஸ்பர்க் டென்மார்க்குக்குத் திரும்பி வரவேயில்லை. முதல் உலகப் போருக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் வட பகுதி மட்டும்தான் வந்தது, நகரம் ஜெர்மனியோடு நின்றுவிட்டது. நான் பாதி என்று ஏளனமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர்களுக்கு ஒருபோதும் கிடைக்காதது. இது தெரிந்திருந்தும் கையெழுத்து வைக்க எனக்குப் பதினாறு நிமிடம் எடுத்தது. பேனாவை எடுத்தும் இரண்டு தரம் கீழே வைத்தேன். விளையாட்டுத்தானே என்று நீங்கள் சொல்லலாம். “வீ” என்றேன்.

மிச்ச நேரம் எல்லாரும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று அடிபட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஜெர்மன் அரசு தனியாக உருவாகியிருந்தால், பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதற்காகச் சண்டை பிடித்திருக்குமா? டென்மார்க் மனத்தாங்கல் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரோடு இருந்திருக்குமா? சண்டைக்கு வேறு சாட்டு ஒன்றைப் பிரஷ்யா எப்படியும் கண்டுபிடித்திருக்கும் என்றது ரஷ்யா. “அப்ப ஜெர்மனி ஒண்ணாகறதே பத்து வருஷம் தள்ளிப் போயிருக்கும், எல்லாம் ஒரு ஆறுதலால” என்று தலையில் கை வைத்தான் கார்த்திக். உறுதியாக யாருக்கும் தெரியாது. ஜினெட் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.

நேரம் 3.44. நடைபாதைக்கு வந்து கார்டெரிக்குப் போன் எடுத்தேன். மூன்று நாளும் எடுக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னேன், கையெழுத்து வைத்ததிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வசனம்.

“ஆ, மதாம்” என்றார் பொறுப்பாளர். “மற்ற அம்மா மதியம் வந்து கையெழுத்து வைத்துவிட்டார். திங்கள், செவ்வாய், புதன் அவர்களுக்கு. என்னிடம் வியாழனும் வெள்ளியும் இருக்கிறது.”

காலையில் மூன்று நாள். ரோல்ஸ் தின்று முடிப்பதற்குள் இரண்டு. மெட்ரோவில் ஏறுவதற்கு முன்பே எடுத்திருந்தால் என்று ஒரு கணம் யோசனை ஓடியது. அதை ஓடவிட்டால் நாலு மணி தாண்டிவிடும் என்று தெரியும்.

“வீ” என்றேன். “எடுக்கிறேன்.”

அவர் ஏதோ படிவங்களைப் பற்றிச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதன் பிறகுதான் அழுகை வந்தது. சத்தம் போடாமல், ஆரபியின் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். கார்த்திக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன் பார்த்துவிட்டான். “அக்கா, இது எந்த ஆறுதலு? சொல்லிடுங்க, மறுபடி தப்பு பண்ணக் கூடாது” என்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். “உங்கட ஆறுதல்தான் தம்பி.” மிச்ச ரோல்ஸ் இரண்டையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். 4.10க்கு மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினால் வேலை முடிந்து வரும் கூட்டம் முழுதும் உங்களோடு ஏறும். பெரியில் இரண்டு ரயிலை விட்டு மூன்றாவதில்தான் ஏறமுடிந்தது. வீடு வந்து சேர 5.20. சுதன் ஆறரைக்கு வந்தார். இரண்டு நாள்தான் கிடைத்தது, என் பிழை என்றேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “காணும்” என்றார். எங்கள் ஊரில் போதும் என்பதற்கு அதுதான் சொல். திங்கட்கிழமை பல் வைத்தியசாலைக்குப் போன் எடுத்துக் கேட்டேன், அவர்களுக்கும் இரண்டு நாள் காணுமாம், அடுத்த வாரம் தொடங்கலாம் என்றார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு. இப்படியான கூட்டங்களின் அறிவித்தல் நூலகங்களில்தான் ஒட்டுகிறார்கள், உங்கள் பக்கத்து நூலகத்தில் கேளுங்கள். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம், தமிழில் சமாளித்தால் என்ன ஆகும் என்பது மேலே இருக்கிறது. பத்து மணிக்குமுன் போனால் ஜன்னலோர நாற்காலி கிடைக்கும். மண்டபத்தில் சாப்பாடு விற்பதில்லை, கோப்பி மட்டும் இலவசமாக இருக்கிறது, சுமார்தான். அணையாடை மாற்றும் மேசை கீழ்த்தளத்தில், ஆண்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கிறதாம். பிள்ளை மெல்லக்கூடிய சைஸில் கொடி வைத்திருக்கிறார்கள், கவனம். மூலையில் விரிப்போடு இருந்த பெண்ணிடம் நான் பிள்ளையை விடவில்லை, விட்ட இரண்டு அம்மாமார் ஒரு குறையும் சொல்லவில்லை. வெப்பமானி தேவைப்படவில்லை.

இதை எழுதும்போது புதன் இரவு பதினொன்று ஆகிவிட்டது. ஆரபியின் பை கதவடியில் இருக்கிறது, உடுப்பு ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியாகிவிட்டது, சாக்ஸ் உட்பட. நாளை காலை 7.45க்கு அவளை விடவேண்டும், மாலை நாலுக்கு எடுக்கவேண்டும். எனக்கு வேலை தொடங்குவது அடுத்த வியாழன்தான். ஆகவே இந்த வலைப்பூவில் இதுவரை நான் உங்களுக்கு இடம் சொல்லிவந்த வழக்கத்தை மாற்றி, ஒரு தடவை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும். செயின்ட்-மிஷேலில் இருந்து மெட்ரோவில் போய், பிள்ளை இல்லாத ஓர் ஆள் எட்டேகால் மணித்தியாலத்தைச் செலவழிக்கக்கூடிய இடம் எது? தூரம் பரவாயில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஒரு போன் வந்தால் இருபது நிமிடத்துக்குள் திரும்பி வரக்கூடியதாக இருந்தால் நல்லது.